பேராலயத்தின் படிக்கட்டு: எய்ட்ஸ் இயக்கமும் சமயச் சமூகங்களும்



ஒரே தேதியில், ஒன்பது ஆண்டு இடைவெளியில், இரண்டு பேராலயங்களின் வாசலில் நடந்தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

1989 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் புனித பேட்ரிக் பேராலயத்துக்கு வெளியே ஏறத்தாழ 4,500 பேர் திரண்டு முழக்கமிடுகிறார்கள். உள்ளே கர்தினால் ஜான் ஓ'கானர் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார். கூட்டத்திலிருந்து சிலர் உள்ளே போய், நடைவழியில் பிணம்போலப் படுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் இருக்கைமேல் ஏறி நின்று கத்துகிறார். இன்னொருவர் கையில் வாங்கிய நற்கருணை அப்பத்தை நொறுக்கிக் கீழே போடுகிறார். அன்று கைதானவர்கள் 111 பேர். எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஆக்ட் அப் என்ற அமைப்பும், கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடிய பெண்கள் அமைப்பு ஒன்றும் சேர்ந்து நடத்திய போராட்டம் அது. ஆணுறை பற்றிய பிரசாரத்துக்குக் கர்தினால் முட்டுக்கட்டை போடுகிறார் என்பது அவர்களுடைய முதல் குற்றச்சாட்டு.

1998 டிசம்பர் 10, வியாழக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் புனித ஜார்ஜ் பேராலயத்தின் படிக்கட்டில் ஒரு சிறு கூட்டம் பட்டினி இருந்தபடி உட்கார்ந்திருக்கிறது. நின்று எண்ணினால் இரண்டு நிமிடத்தில் எண்ணி முடித்துவிடலாம், அவ்வளவுதான் ஆட்கள். போகிறவர் வருகிறவரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். மாலைக்குள் ஆயிரத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்துவிட்டது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு அரசு மருந்து கொடுக்க வேண்டும், முதலில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின், சுருக்கமாக டி.ஏ.சி., அன்று பிறந்தது.

இரு அமைப்புகளும் அந்தத் தேதியில் கூடியதற்கு டிசம்பர் 10 மனித உரிமை நாள் என்ற காரணத்தைச் சொல்லலாம்; நியூயார்க்கில் அது தற்செயலாகவும் இருக்கலாம். என்னை இழுத்தது அதுவல்ல. ஒரு கூட்டம் ஆலயத்துக்குள் புகுந்து ஆராதனையைக் கலைக்கிறது. இன்னொன்று ஆலயத்தின் படியிலேயே இடம் கேட்டு உட்காருகிறது. இதைப் பார்த்துவிட்டு, அமெரிக்கத் திருச்சபை எதிரி, ஆப்பிரிக்கத் திருச்சபை நண்பன் என்று கணக்கை முடித்துவிடுவது சுலபம். பல நூல்கள் அப்படித்தான் முடிக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஏனென்றால், நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிய முதல் கைகளில் கத்தோலிக்கத் திருச்சபையின் கைகளும் உண்டு. கன்னியர் சபை நடத்திய புனித வின்சென்ட் மருத்துவமனை 1984-இலேயே எய்ட்ஸுக்குத் தனி வார்டு திறந்தது. 1985-இல் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் அன்னை தெரசா ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அதன் முதல் வாசிகளில் சிங் சிங் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். மருத்துவமனை ஊழியர்களே சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு ஓடிய காலம் அது. கர்தினால் ஓ'கானரும் நோயாளிகளின் படுக்கையருகே அடிக்கடி போனவர்தான். மலச்சட்டியைக்கூட எடுத்துச் சுத்தம் செய்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் வெளியே நின்ற 4,500 பேருக்கு அவர்மேல் என்ன கோபம்? தாங்கள் சாகும்போது பக்கத்தில் உட்காரத் தயாராக இருக்கும் மனிதர், தாங்கள் சாகாமல் இருப்பதற்கான வழியை மறிக்கிறார் என்பதுதான் கோபம். இன்றைய உரையில் நான் சொல்ல வந்ததும் இதைச் சுற்றியதுதான். சமயச் சமூகங்களுக்குச் சாகிறவனின் தலைமாட்டில் நிற்பது எப்படி என்று ஆயிரம் ஆண்டுகளாகத் தெரியும். அதற்கு மந்திரம் உண்டு, எண்ணெய் உண்டு, பாட்டு உண்டு. நோயோடு வாழப்போகிறேன், எனக்கு மருந்து கொடு, கல்யாணம் செய்துவை, பிள்ளை பெற விடு என்று கேட்கிறவன் முன்னால்தான் அவை தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தைத் தாண்டியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைத் தென்னாப்பிரிக்காவில் தேடுவது பொருத்தம், ஏனென்றால் கேள்வி அங்கேதான் மிகக் கூர்மையாக எழுந்தது.

கொஞ்சம் மருந்தின் கதை. 1987-இல் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து வந்தது. 1994-இல், அதைக் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் கொடுத்தால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போவது மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை நிலைபெற்றது. எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் அந்த மருந்துக்கு ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. இதே ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளிடையே தொற்று 1990-இல் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையிலிருந்து 1998-இல் 22.8 சதவீதமாக ஏறியிருந்தது. அந்தக் காலத்தின் பின்பாதியில் நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராக இருந்தார். 1998 அக்டோபரில், கர்ப்பிணிகளுக்கு ஏ.இசட்.டி. கொடுக்க முடியாது, கட்டுப்படியாகாது என்று அரசு கைவிரித்துவிட்டது. படிக்கட்டுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

ஏன் அந்தப் படிக்கட்டு? அது டெஸ்மண்ட் டுட்டு பேராயராக அமர்ந்த ஆலயம். நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில், போலீஸ் கொலைகளைக் கண்டித்து 1989 செப்டம்பர் 13 அன்று ஏறத்தாழ 30,000 பேர் சென்ற ஊர்வலம் அங்கிருந்து புறப்பட்டது. நாடாளுமன்றம் கூப்பிடு தூரம். அந்தப் படியில் உட்கார்ந்தால் தாங்கள் யாருடைய வாரிசுகள் என்பதை வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் ஜாக்கி அக்மத். கேப் டவுனில் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த இடதுசாரி, தன்பாலீர்ப்பாளர், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர். பத்து நாளைக்கு முன்னால்தான் அவருடைய தோழர் சைமன் என்கோலி எய்ட்ஸால் இறந்திருந்தார். நிறவெறி அரசு நடத்திய டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் சிறையில் கிடந்தவர், சிறையிலேயே தான் தன்பாலீர்ப்பாளர் என்று சகபோராளிகளிடம் அறிவித்தவர் என்கோலி. விடுதலை பெற்ற நாட்டில் அவருக்கு மருந்து கிடைக்கவில்லை.

பேராலயத்தின் பங்கு என்று அன்றைக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பிரசங்கம் இல்லை, அறிக்கை இல்லை. படியைக் கொடுத்தது. விரட்டவில்லை. சிறிய காரியம்போலத் தெரியும். ஆனால் இரண்டே நாள் கழித்து டர்பன் அருகே நடந்ததைப் பாருங்கள். குகு டிலாமினி என்ற பெண், உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். அவர் வசித்த பகுதியிலேயே ஒரு கும்பல் அடித்தது. அந்தக் காயத்தில் இறந்துபோனார். எங்கள் ஊருக்கே அவமானம் தேடி வைத்துவிட்டாள் என்பது அடித்தவர்களின் நியாயம். வாயைத் திறந்தால் கொலை என்ற இடத்தில், நகரத்தின் நடுவில், ஆலய நிழலில், பெயர் சொல்லி உட்காரக் கிடைக்கும் இடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்தக் கொலைக்குப் பிறகு டி.ஏ.சி. ஒரு சட்டையை அச்சிட்டது. வெள்ளை டி-சட்டை, மார்பில் பெரிய எழுத்தில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்'. தொற்று உள்ளவர்களும் போட்டார்கள், இல்லாதவர்களும் போட்டார்கள். யார் யார் என்று வெளியாருக்குத் தெரியாது. 2002-இல் மண்டேலாவும் அதைப் போட்டுக்கொண்டார்.

சட்டை சரி, சாவு வீடு என்ன ஆனது? தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை. முந்திய இரவு முழுக்க விழித்திருந்து பாடுவார்கள். சுற்றமும் சபையும் அடக்கச் சங்கத்தாரும் வந்து நிறைவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சனிக்கிழமைகள் போதவில்லை. காலையில் ஓர் அடக்கம், உடை மாற்றாமல் மதியம் இன்னொன்று. இருபத்தைந்து, முப்பது வயது ஆட்கள். பெட்டிக்கு முன்னால் நின்று போதகர், காசநோய் என்பார், நீண்ட நாள் சுகவீனம் என்பார். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். மௌனத்துக்கு இவ்வளவு ஒழுங்கான மேடை வேறு எந்த நிறுவனத்திடமும் இல்லை. அதனாலேயே அந்த மேடையில் ஒரு போதகர் நோயின் பெயரைச் சொன்னால், அரசு ஒட்டிய ஆயிரம் சுவரொட்டிகள் செய்யாத வேலையை அது செய்தது. சொன்னவர்கள் குறைவு. சொன்னவர்களில் சிலர் தாங்களே தொற்றுள்ளவர்கள்.

அவர்களுக்கு வழி காட்டியவர் உகாண்டாவின் ஆங்கிலிகன் குரு கிதியோன் ப்யாமுகிஷா. மனைவி இறந்த பிறகு தனக்கும் தொற்று உண்டு என்று தெரிந்து, 1992-இல் அதை வெளியே சொன்னார். ஆப்பிரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் சமயத் தலைவர் அவர்தான் என்பார்கள். அவருடைய ஆயர் அவரை விலக்கவில்லை, பணியில் வைத்துக்கொண்டார். 2000-களின் தொடக்கத்தில் தொற்றுள்ள குருக்கள், இமாம்கள், கன்னியர் ஆகியோரின் வலையமைப்பு ஒன்றை அவரும் தென்னாப்பிரிக்கக் குருக்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். அந்த நாளில் எங்கும் ஒலித்த தடுப்பு மந்திரம் மூன்று படி கொண்டது: விலகியிரு, உண்மையாயிரு, முடியாவிட்டால் ஆணுறை. இந்த வரிசையைத்தான் அவர்கள் உடைத்தார்கள். கணவனைத் தவிர வேறு ஆளை அறியாத பெண்ணுக்கு அந்தக் கணவனிடமிருந்தே தொற்று வருகிறது. அவள் எந்தப் படியில் தவறினாள்? இரத்தம் ஏற்றியதில் வந்தவன் எந்தப் படியில்? ஆணுறையை ஒழுக்கம் கெட்டவனின் கடைசிப் புகலிடம் என்று வைத்தால், அதைக் கேட்டு வாங்கும் மனைவிமீது சந்தேகம் விழாதா? மருந்து, பரிசோதனை, பாதுகாப்பான பழக்கம், எதிர்த்துப் பேசும் தெம்பு ஆகியவற்றை அவர்கள் முன்னால் வைத்தார்கள். தொற்று ஒழுக்கத்தின் மதிப்பெண் பட்டியல் ஆகிவிடக் கூடாது என்பதைச் சமய அங்கி போட்டவர்களே சொன்னதுதான் இதில் கனமான செய்தி.

முஸ்லிம் சமூகத்துக்கு வருகிறேன். கேப் டவுன் முஸ்லிம்கள் டச்சுக் கம்பெனிக் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்கத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்களும் அதில் கலந்திருக்கிறார்கள். இந்நோய் நம்மிடம் வராது, இது விலகியவர்களின் நோய் என்ற நிம்மதி அந்தச் சமூகத்தில் இருந்தது. ஃபக்மீதா மில்லர் என்ற பெண் அதைக் கலைத்தார். கணவரை இழந்தவர், தனக்குத் தொற்று இருப்பதைத் தொண்ணூறுகளிலேயே வெளிப்படையாகச் சொன்னவர். தென்னாப்பிரிக்க முஸ்லிம் பெண்களில் இதைச் செய்த முதல் ஆள். 2000-இல் அவரும் இறையியலாளர் ஃபரீத் ஈசாக்கும் இன்னும் சிலரும் சேர்ந்து 'பாசிட்டிவ் முஸ்லிம்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஈசாக் நிறவெறிக்கு எதிராகப் பள்ளிவாசல்களைத் திரட்டியவர், பிறகு மண்டேலாவால் பாலினச் சமத்துவ ஆணையத்தில் நியமிக்கப்பட்டவர். அவர் வைத்த வாதம் எளிது. நோயாளி எப்படி நோயை வாங்கினார் என்று துருவுவது உன் வேலையா? அல்லாஹ்வின் இரக்கம் காரணம் கேட்டுவிட்டுத்தான் வருகிறதா?

இந்த வாதம் மேடையில் இனிக்கும். மய்யித்தைக் குளிப்பாட்டும் இடத்தில்தான் சோதனை. இஸ்லாத்தில் இறந்த உடலைக் குளிப்பாட்டிக் கபனிடுவது சமூகத்தின்மேல் விழுந்த கடமை. ஒருவரேனும் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். எய்ட்ஸ் என்றதும் குளிப்பாட்டுகிறவர்கள் பின்வாங்கினார்கள். பிளாஸ்டிக் உறையோடு அப்படியே புதைத்துவிடலாம் என்ற பேச்சு பல நாடுகளில் எழுந்தது. இங்கே கையுறை எப்படிப் போடுவது, கொட்டிய நீரை எப்படி வெளியேற்றுவது, காயம் இருந்தால் எப்படி மூடுவது என்று சொல்லிக்கொடுக்கும் ஒருவர், நூறு குத்பாப் பிரசங்கத்துக்குச் சமம். உகாண்டாவில் முஸ்லிம் மருத்துவர்கள் சங்கம் இமாம்களைத் திரட்டி வீடு வீடாக அனுப்பிப் பயிற்சி தந்ததும் இந்த வழியில்தான். எய்ட்ஸை இறைத்தண்டனை என்று சொன்ன இமாமுக்குக் கையில் கையுறை மாட்டிவிட்டால் அவர் பேச்சு எப்படி மாறுகிறது என்பது தனி ஆய்வுக்கு உரியது. மாணவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

இனி, எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த மனிதர்: ரஸ்டன்பர்க் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த கெவின் டௌலிங். ரஸ்டன்பர்க் பிளாட்டினச் சுரங்க நாடு. சுரங்கத்தின் ஓரத்தில் ஃப்ரீடம் பார்க் என்று ஒரு தகரக் குடிசைப் பகுதி. பெயரைக் கவனிக்க வேண்டாம். அங்கே தண்ணீர்க் குழாய்க்கே பஞ்சம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் விடுதிகளில். பக்கத்து நாடுகளிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வேலை தேடி வந்து, வேலை கிடைக்காமல், பிள்ளைகளுக்குச் சோறு போட உடலைக் கொடுக்கும் பெண்கள் குடிசைகளில். தொண்ணூறுகளின் நடுவில் டௌலிங் அங்கே ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். தகரக் குடிசைக்குள், நாற்பது டிகிரி வெயிலில், இடுப்பில் குழந்தையோடு செத்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்தபடி இருந்தார்.

2001-இல் அவர் பகிரங்கமாகப் பேசினார். இந்தப் பெண்ணிடம் போய் விலகியிரு என்று எப்படிச் சொல்வேன்? இங்கே ஆணுறை கருத்தடைச் சாதனம் ஆகாது, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குச் சாவு போகாமல் தடுக்கும் திரை, கொலை செய்யாதே என்ற கட்டளைக்குள் அடங்கியது என்பது அவர் வாதம். அதே ஆண்டு ஜூலையில் தென்னாப்பிரிக்க ஆயர் பேரவை கூடியது. டௌலிங்கின் வாதம் தோற்றது. ஆணுறையைப் பரவலாகப் பரப்புவது தவறான ஆயுதம், ஒழுக்கத்துக்கு முரண் என்று பேரவை அறிக்கை வெளியிட்டது. ஆனால் அந்த அறிக்கைக்குள் ஒரு சிறிய கதவும் இருந்தது: கணவன் மனைவியரில் ஒருவருக்குத் தொற்று இருந்தால், என்ன செய்வது என்பதை அவர்கள் தம் மனச்சாட்சியைக் கேட்டு முடிவு செய்யட்டும். ரோம் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. 2009-இல் ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும் விமானத்தில், ஆணுறை சிக்கலைக் கூட்டுகிறது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் சொன்னதும், அடுத்த ஆண்டே ஒரு நேர்காணல் நூலில் சில சூழல்களில் அது பொறுப்புணர்வின் முதல் அடியாகலாம் என்று தளர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ரஸ்டன்பர்க் ஆயர் அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை யாரும் பதவியிறக்கவில்லை; மேலே ஏற்றவும் இல்லை.

இதே ஆயர் பேரவைதான், ஆலிசன் மன்றோ என்ற டொமினிக்கன் கன்னியரின் தலைமையில் ஓர் எய்ட்ஸ் அலுவலகம் நடத்தி, 2004 முதல் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. அரசு மருத்துவமனை எட்டாத இடங்களில் கன்னியர்களின் மருந்தகம் மாத்திரை கொடுத்தது. ஒரே நிறுவனம் ஒரு கையால் ஆணுறையைத் தள்ளி, மறு கையால் ஏ.ஆர்.டி. மாத்திரையை நீட்டியது. இதை இரட்டை வேடம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய நிறுவனங்களின் இயல்பு என்றே படுகிறது. அறிக்கை எழுதுகிற மேசை ஒன்று, குடிசையில் குனிந்து நுழைகிற முதுகு வேறு. கொள்கையைப் படித்துவிட்டு ஒரு சமயத்தை எடைபோடுகிற ஆய்வாளர்களுக்கு இந்த முதுகு தெரிவதே இல்லை.

அரசியலுக்கு வருவோம், ஏனென்றால் இக்கதையில் நோயைவிடக் கொடியது அதுதான். 1999-இல் தாபோ எம்பெக்கி குடியரசுத் தலைவரானார். எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. காரணமா என்றே அவருக்குச் சந்தேகம். மருந்து நஞ்சு, இது ஆப்பிரிக்கரை இழிவுபடுத்தும் மேற்கத்தியக் கட்டுக்கதை என்ற தொனி. அவருடைய சுகாதார அமைச்சர் மருந்துக்குப் பதில் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று அடுக்கினார். இந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். அரசை விமர்சித்தவர்களை வெள்ளையரின் கையாட்கள், மருந்துக் கம்பெனியின் ஏவலாட்கள் என்று சொல்லி வாயடைப்பது சுலபமாக இருந்தது. அந்த வசையை ஒட்டவைக்க முடியாத ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

டுட்டுவுக்குப் பின் கேப் டவுன் பேராயரான இன்ஜொங்கொன்குலு இன்டுங்கானே அப்படிப்பட்டவர். இளமையில் ராபன் தீவுச் சிறையில் மூன்றாண்டு கல்லுடைத்தவரைப் பார்த்து வெள்ளையனின் ஏவலாள் என்று யார் சொல்வது? எய்ட்ஸ் விஷயத்தில் அரசின் மெத்தனத்தை அவர் நிறவெறிக் குற்றத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். விடுதலை இயக்கத்தின் முகத்துக்கு நேராக, அதன் வீட்டுப் பிள்ளையே சொன்னது. சமயத்தின் பங்கு இங்கே இரக்கத்தைத் தாண்டிவிட்டது. சேர்த்துவைத்த அறமதிப்பை எடுத்து, சொந்தத் தோழர்களின் அரசுக்கு எதிராகச் செலவழிப்பது வேறு வகைத் துணிச்சல்.

டி.ஏ.சி. நடத்திய போராட்டங்களை விரிக்கப் பொழுதில்லை. 2000-இல் அக்மத் தாய்லாந்துக்குப் போய், காப்புரிமையை மீறி, மலிவு மருந்தைக் கொண்டுவந்தார். அதற்கு 1952-இன் சட்டமீறல் இயக்கத்தின் பெயரை இட்டார்கள். அந்த மண்ணில் சட்டமீறலின் கொடிவழி 1913-இல் தில்லையாடி வள்ளியம்மையோடு சிறைபோன தமிழ்ப் பெண்கள்வரை நீளும் என்பதை இந்த அவைக்கு நினைவூட்டலாம். அரசை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த 39 மருந்துக் கம்பெனிகள் 2001 ஏப்ரலில் பின்வாங்கின. அதே ஆண்டு பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்திருந்தார். 2002 ஜூலை 5 அன்று, தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கு நெவிரப்பின் மருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. எல்லோருக்கும் அரசு மருத்துவமனையில் கிடைக்கும்வரை நான் மாத்திரை தொடமாட்டேன் என்று உடல் தேய்ந்துகொண்டிருந்த அக்மத், 2003-இல்தான், இயக்கத்தோழர்கள் தீர்மானம் போட்டு வற்புறுத்திய பிறகு, மருந்து சாப்பிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். டி.ஏ.சி. மதச்சார்பற்ற இயக்கம். ஆனால் அதன் கூட்டங்களுக்குப் போன மானுடவியலாளர் ஸ்டீவன் ராபின்ஸ் ஒன்றைக் கவனித்தார். ஒருவர் எழுந்து நிற்கிறார். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேன், வீட்டார் பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள், நோயெதிர்ப்பு அணுக்களின் சி.டி.4 எண்ணிக்கை இவ்வளவுக்கு இறங்கிவிட்டது, மாத்திரை தொடங்கினேன், இப்போது உங்கள் முன்னால் நிற்கிறேன் என்கிறார். கூட்டம் பாடுகிறது. நம் ஊர்ப் பெந்தெகோஸ்தே ஆராதனையில் சாட்சி சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த வடிவம் புதிதாக இருக்காது. மரணத்தின் வாசல்வரை போனது, மீண்டது, புது ஆளானது, இனி மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கடன். ராபின்ஸ் இதைப் புதுப்பிறப்புச் சடங்கோடு ஒப்பிட்டார். ஆயிரக்கணக்கானோர் நாள் தவறாமல் மாத்திரை போட, உரிமை பற்றிய சட்டப்பேச்சு மட்டும் போதாது. பாவி என்று ஒதுக்கப்பட்டவன் தன்னைப் புதிய ஆளாகச் சொல்லிக்கொள்ள ஒரு மொழி வேண்டும். அந்த மொழியைச் சபைகள் ஏற்கெனவே மக்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. சபைகள் தெரிந்து கொடுத்தவை கொஞ்சம். தெரியாமல் கொடுத்தது இது, எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன்.

அதே சாட்சி மேடையில், ஜெபத்தால் குணமாகிவிட்டாய், மாத்திரையை நிறுத்து என்று சொன்ன ஊழியக்காரர்களும் இருந்தார்கள். அவர்களை நம்பி நிறுத்தியவர்களில் பலர் திரும்பிவரவில்லை. அமெரிக்காவில் 2003-இல் அதிபர் புஷ் அறிவித்த பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டம், ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர், கன்னியர்களின் மருந்தகங்களுக்கு உயிர் கொடுத்தது. அதன் தடுப்பு நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம்வரை விலகியிருத்தல் பற்றிய பிரசாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்குள்ள சுவிசேஷச் சபைகளின் செல்வாக்கால் சேர்ந்தே வந்தது. கொடுத்த கையே கட்டவும் செய்தது.

நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பீர்கள். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டறிந்தபோது, இரத்த மாதிரிகளைச் சோதித்துத் தந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. பிறகு கன்னியர் மடங்கள் பராமரிப்பு இல்லங்களை நடத்தின. யாரும் தொடாத உடல்களை அவர்கள் தொட்டார்கள். கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்தவர்கள் தொண்டு நிறுவனத்தாரும் அரசு ஊழியர்களும். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் இலவச ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்கத் தொடங்கியதற்குப் பின்னால், 1997 வாக்கில் சென்னையில் கூடிய தொற்றுள்ளோர் சங்கங்களின் உழைப்பு இருக்கிறது. 1998-இல் தொற்றுள்ள பெண்கள் தனியாக ஓர் அமைப்பு கண்டார்கள், பி. கௌசல்யா அதை முன்னின்று நடத்தினார். மருந்து கேட்டு நின்ற அந்த வரிசையில் ஓர் ஆதீனமோ ஆயரோ ஜமாஅத் தலைவரோ முன்னால் நின்ற காட்சி என் நினைவுக்கு வரவில்லை. நம் சமயங்கள் இல்லம் கட்டின. படியைக் கொடுத்தனவா என்பதை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்திவைத்தது. பெப்ஃபார் பணத்தில் ஓடிய வேலைகள் தென்னாப்பிரிக்காவிலும் நின்றன. வீடு வீடாகப் போய் மாத்திரை விட்டவர்களைத் தேடிப்பிடித்த ஊழியர்களும் ஆலோசகர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்நாட்டின் எச்.ஐ.வி. செலவில் அமெரிக்கப் பங்கு அதுவரை ஏறத்தாழ 17 சதவீதமாக இருந்தது. தொற்றுள்ளவர்கள் 75 லட்சத்துக்கும் மேல். மாத்திரையில் இருப்பவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அந்த மாத்திரைகளை வாங்குவது தென்னாப்பிரிக்க அரசு, பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தில். 1998-இல் படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள் அரசிடம்தான் கேட்டார்கள், கொடையாளியிடம் கேட்கவில்லை. உதவி நின்ற வாரத்திலும் அரசு மருந்தகங்களில் மாத்திரை இருந்தது.